திறந்திருந்த இடது கண்

வலது கண்ணின் மேல் இமையில் அது முதலில் ஒரு கடுகு அளவுக்குத்தான் இருந்தது. முகம் கழுவும்போது விரலில் தட்டுப்பட்டது. வலி இல்லை. சூட்டுக் கட்டி, இரண்டு நாளில் உடைந்துவிடும் என்று விட்டுவிட்டேன். இரண்டு வாரத்தில் மிளகளவு ஆனது. ஒரு மாதம் போனபோது, காராமணியைத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்ததுபோல உருண்டு நின்றது. கண்ணை மூடித் திறக்கும்போதெல்லாம் அது உள்ளே உரசிக்கொண்டு போவது தெரிந்தது.

வேறு யாருக்காவது வந்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. எனக்குப் பயப்படக் காரணம் இருந்தது. என் இடது கண்ணுக்குப் பார்வை கிடையாது.

முழு இருட்டு இல்லை. வெளிச்சம் தெரியும், ஆள் நடமாட்டம் தெரியும், அதுவும் வலது கண்ணை மூடினால்தான். எதிரே நிற்பது யார், கையில் இருப்பது என்ன, படி எங்கே முடிகிறது என்பதெல்லாம் தெரியாது. மழை நாளில் பஸ் கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும்போது வெளியே பார்ப்பதுபோல இருக்கும். ஆனால் மற்றவர்கள் பார்வைக்கு அது நல்ல கண். மாறுகண் இல்லை, பூ விழவில்லை. வலது கண் திரும்பும் பக்கம் அதுவும் திரும்பும்.

ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டர் என் வலது கண்ணைப் பொத்தி, சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். "எந்த எழுத்து சார்?" என்று கேட்டேன். விளையாடுகிறேன் என்று டீச்சர் தலையில் குட்டினார். பிறகு அம்மா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். இதைச் சோம்பேறிக் கண் என்பார்கள், மூன்று நான்கு வயதிலேயே காட்டியிருந்தால் சரி செய்திருக்கலாம், இப்போது வயது தாண்டிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். பெங்களூரில் நாங்கள் இருந்த ஸ்ரீராம்புரத்துக்குத் திரும்பி வரும் வழியில் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "யார் கிட்டயும் சொல்லாத. ஒத்தக் கண்ணுன்னு பேர் வந்துடும்" என்றாள்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் அம்மா இதையேதான் வேறு மாதிரி சொன்னாள். "கேட்டா சொல்லு. கேக்கலன்னா நீயா வாயத் தொறக்காத." யாரும் கேட்கவில்லை. உனக்கு இரண்டு கண்ணும் தெரியுமா என்று ஒரு பெண்ணிடம் யார் கேட்பார்கள்? மாப்பிள்ளையின் அக்கா, தாய் இல்லாத அவரைத் தூக்கி வளர்த்தவர், என்னைச் செய்தித்தாளில் நான்கு வரி வாசிக்கச் சொன்னார். எழுந்து நடக்கச் சொன்னார். பிறகு எல்லோர் முன்னாலும், "ஒரு குறையும் இல்ல. முடிச்சிடலாம்" என்றார்.

அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம். என் கணவர் ராஜாஜிநகரில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். நான் யஷ்வந்த்பூர் பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். தைத்து வரும் சட்டைகளில் பிசிறு நூல், எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவது என் வேலை. ஒரே மகளைச் சந்தாபுராவில் கட்டிக் கொடுத்து, பேத்திக்கு மூன்று வயதும் ஆகிவிட்டது. இத்தனை பேரில் ஒருவருக்கும் என் இடது கண்ணைப் பற்றித் தெரியாது. மறைக்கிறோம் என்ற நினைப்புகூட நாளாக ஆக எனக்கு மறந்துபோயிருந்தது. இந்தக் கட்டி வந்த பிறகுதான், நான் எதன் மேல் நின்றுகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

பெர்மிஷன் போட்டுத் தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தேன். சின்ன வயதுப் பெண். கன்னடக்காரர், ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் தமிழில் பேசினார். ஒத்தடம் கொடுக்கச் சொல்லி அனுப்பினார். ஆறு வாரம் கொடுத்தும் கட்டி அசையவில்லை. மறுபடி போனபோது சின்ன ஆபரேஷன்தான் வழி என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, இமையைத் திருப்பி, உள்பக்கமாகக் கீறிச் சுரண்டி எடுப்பார்களாம். தையல் கிடையாது. கால் மணி நேர வேலை.

"மத்தவங்களுக்கு கட்டு போட்டு அனுப்பிடுவோம். மறுநாள் வீட்லயே எடுத்துக்குவாங்க. உங்களுக்கு அப்படி முடியாது. ரெண்டு மணி நேரம் இங்கயே உக்கார வெச்சு, ரத்தம் நின்னதும் கட்ட எடுத்துட்டு அனுப்பறேன். ஆனா கூட ஒரு ஆள் கண்டிப்பா வேணும்" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "உங்க எடது கண்ணு பத்தி வீட்ல தெரியும்ல?" என்று கேட்டார்.

"தெரியும் மேடம்" என்றேன்.

இரண்டு மணி நேரம். அதை மட்டும் பிடித்துக்கொண்டேன். அந்த இரண்டு மணி நேரத்தை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கழித்துவிட்டால் போதும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. கணவரிடம், "மதியம் போய் அந்தக் கட்டிய எடுத்துட்டு வந்துடறேன்" என்றேன். "நான் வரட்டா?" என்று கேட்டார். "எதுக்கு லீவு போடறீங்க? பல்லு புடுங்கற மாதிரிதான்" என்று சிரித்தேன். ஆஸ்பத்திரியில், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்ட நர்ஸிடம், "வந்துட்டே இருக்காரு" என்றேன்.

ஊசி இமையில் இறங்கியபோது நெருப்பை வைத்ததுபோல இருந்தது. அதற்குப் பிறகு வலி இல்லை, ஆனால் எல்லாம் தெரிந்தது. எதையோ வைத்து இமையைக் கவ்விப் பிடித்துப் பின்பக்கமாகத் திருப்பினார்கள். விளக்கு வெளிச்சம் முழுக்கச் சிவப்பாகிவிட்டது. சுரண்டுவது வலிக்கவில்லை, ஆனால் தலைக்குள் கேட்டது, தேங்காய் ஓட்டின் உள்பக்கத்தைக் கரண்டியால் வழிப்பதுபோல. கை வழுக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தவிர வேறொன்றும் என் நினைவில் இல்லை. இருப்பது அது ஒன்றுதான், அதன் மேல் கத்தி இருக்கிறது. என் இரண்டு கைகளும் துணிக்கு அடியில் புடவையைக் கசக்கிக்கொண்டிருந்தன.

"கொஞ்சம் ரத்தம் ஜாஸ்தி வருது. பயப்பட வேணாம்" என்று டாக்டர் பஞ்சை வைத்து வெகுநேரம் அழுத்திப் பிடித்தார். பிறகு கட்டைப் போட்டு பிளாஸ்டரால் ஒட்டினார்கள்.

வெளியே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். இடது கண் திறந்துதான் இருந்தது. டியூப் லைட்டுகள் வெள்ளைப் பூச்சாகத் தெரிந்தன. ஆட்கள் தண்ணீருக்குள் நடப்பதுபோல வந்து போனார்கள். யாரோ என் பக்கம் குனிந்து ஏதோ கேட்டார். எனக்கு இடது பக்கமா, எதிரேவா என்று புரிவதற்குள் போய்விட்டார். பக்கத்து நாற்காலியில் பை இருக்கிறதா என்று நொடிக்கொரு தரம் தடவிப் பார்த்தேன். பாத்ரூம் போக வேண்டியிருந்தது. போகவில்லை. சுவர் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் வந்து கட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். பஞ்சு நனைந்திருந்தது. அதை மாற்றி வேறு கட்டு போட்டார்.

"இன்னைக்கு எடுக்க வேணாம்மா. இப்ப எடுத்தா திரும்ப கசியும். நாளைக்கு காலைல வரைக்கும் இருக்கட்டும். உங்க வீட்டுக்காரர் எங்க? அவர் கிட்ட எல்லாத்தையும் சொல்லணும்."

"வெளிய நிக்கறாரு மேடம்" என்று சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். வாசல் எந்தப் பக்கம் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். டாக்டர் போனதும் பையிலிருந்து போனை எடுத்தேன். கையில் ஒரு வெளிச்சக் கட்டி இருந்தது, அவ்வளவுதான். எண்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை. எங்கோ அழுத்தினேன். யாரோ "ஹலோ, ஹலோ" என்றார்கள். பயந்து அணைத்தேன்.

நர்ஸ் வந்தார். "ஜொதேகெ யாரு பந்திதாரே?" என்று கன்னடத்தில், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று மறுபடியும் கேட்டார். "யாரும் வரல சிஸ்டர்" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அவர் என் தோளைத் தொட்டு, "அளபேடி அம்மா, அழுதா கட்டு நனையும்" என்று பாதி கன்னடமும் பாதி தமிழுமாகச் சொல்லிவிட்டு, என் கையிலிருந்த போனை வாங்கினார். நான் எண்ணைச் சொல்லச் சொல்ல அழுத்தினார்.

என் கணவர் வந்ததை அவர் சட்டையிலிருந்து வந்த பட்டறை எண்ணெய் வாசனையில் தெரிந்துகொண்டேன். முன்னால் ஓர் உருவம் நின்றது.

"ஒரு கண்ணதான கட்டியிருக்காங்க? அதுக்கா வேலைய விட்டு வரச் சொன்ன?" கோபமாகக் கேட்கவில்லை. புரியாமல் கேட்டார்.

டாக்டர் வேறொரு ஆபரேஷனுக்குப் போய்விட்டிருந்தார். நர்ஸ் என் கணவரிடம் மருந்தையும் ஒரு தாளையும் கொடுத்து விளக்கினார். அவர் மருந்துப் பையை என்னிடம் நீட்டி, "இத புடி, நான் வண்டிய எடுக்கறேன்" என்றார். கையை நீட்டினேன். பை எங்கேயோ இருந்தது, என் கை எங்கேயோ போனது. அது கீழே விழுந்தது. "என்னா நீ" என்று அவரே பொறுக்கிக்கொண்டார்.

வாசலில் படிகள். "பாத்து வா" என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் இறங்கிப் போனார். நான் மேலேயே நின்றேன். கீழே சாம்பல் நிறத்தில் ஏதோ பரந்து கிடந்தது. அதில் எது படி, எது தரை? காலை நீட்டினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. என் பின்னால் வந்தவர் "கொஞ்சம் நகருங்க" என்றார். எந்தப் பக்கம் நகர்வது? அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் ஓடி வந்தார். "தல சுத்துதா? டாக்டர கூப்பிடவா?"

"எனக்குத் தெரியலங்க."

"என்னா தெரியல?"

"எடது கண்ணு தெரியாதுங்க எனக்கு. சின்ன வயசுல இருந்தே தெரியாது."

சாலையில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அவர் இன்னும் என் முன்னால்தான் நிற்கிறாரா, போய்விட்டாரா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது. பிறகு என் முழங்கையில் ஒரு கை விழுந்தது. "எழுந்திரு" என்றார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தார்.

வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பது எனக்குப் புதிதில்லை. பேசாதபோதும் அவர் முகத்தைப் பார்த்து, இது கோபம், இது அசதி என்று சொல்லிவிடுவேன். அன்று முகம் இல்லை. ஆட்டோ சத்தத்தில் அவர் மூச்சுக்கூடக் கேட்கவில்லை. கத்தி கண் மேல் இருந்தபோது பயந்ததைவிட அந்த அரை மணி நேரத்தில் அதிகம் பயந்தேன்.

கட்டிலில் உட்கார வைத்துவிட்டு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சொல்லு."

சொன்னேன். பள்ளிக்கூடம், அம்மா, பெண் பார்த்த நாள், எல்லாவற்றையும். நான் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "பாப்பாவ ஆட்டோ இடிச்சுதே, அன்னைக்கு?" என்றார்.

அவர் அதைக் கேட்பார் என்று தெரியும். கேட்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். மகளுக்கு ஐந்து வயதிருக்கும்போது, அவளை இடது கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். இடது பக்கமிருந்து வந்த ஆட்டோவை நான் பார்க்கவே இல்லை. குழந்தையின் கை உடைந்தது. ஒன்றரை மாதம் மாவுக்கட்டு. "கண்ணு என்னா பொடனியிலயா இருக்கு?" என்று அவர் அன்று நடுத்தெருவில் கத்தினார்.

"ஆமாங்க. அதனாலதான்."

"அன்னைக்குகூட சொல்லல."

"சொல்லல."

"என்னப் பாத்து அவ்ளோ பயமா உனக்கு?"

அவர் என்னை அடித்தவர் இல்லை. குடிப்பவர் இல்லை. ஆனாலும் பயம்தான். ஏமாற்றிக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்ற ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்துவிடுமோ என்ற பயம். "ஆமா" என்றேன். ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. அடுப்படியில் போய் அரிசி களைந்தார்.

அன்று படுத்தேனே தவிரத் தூங்கவில்லை. கட்டுக்கு உள்ளே கண் துடித்துக்கொண்டே இருந்தது.

காலையில் அவர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைத்தார். சோப்பு போட்டுக் கை கழுவும் சத்தம் மூன்று தடவை கேட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள் கன்னடத்தில் இருந்தது. எனக்குப் பேச வரும், படிக்க வராது. அவர் பள்ளியில் கன்னடம் படித்தவர். வாய்விட்டுத் தமிழில் சொல்லிக்கொண்டே செய்தார்.

"பிளாஸ்டர மெதுவா எடுக்கணும். பிச்சு இழுக்கக் கூடாது. ஒட்டிக்கிட்டிருந்தா ஆறின தண்ணியில நனச்சு எடுக்கணும்."

ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. இமை மயிரெல்லாம் காய்ந்த ரத்தத்தில் பசைபோல ஒட்டியிருந்தது. பஞ்சை நனைத்து மூக்குப் பக்கத்திலிருந்து காது பக்கமாக ஒரு முறை துடைப்பார், அதைப் போட்டுவிட்டு வேறு பஞ்சு எடுப்பார். லேத்தில் இரும்பு கடைகிற கை. அழுத்திவிடுவாரோ என்று என் உடம்பு முழுக்க விறைத்திருந்தது. அழுத்தவில்லை.

"தொற இப்ப."

திறந்தேன். ஒன்றும் தெரியவில்லை.

மஞ்சளாக, வெண்ணெய் பூசியதுபோல ஏதோ இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. இடது கண்ணில் தெரிகிற அளவுகூடத் தெரியவில்லை. "தெரியலங்க! போச்சுங்க, கண்ணு போச்சு!" என்று கத்தினேன். கையைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன். அவர் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார்.

"தேய்க்காத! தேய்க்காத! இரு!" ஒரு கையால் என் கைகளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தாளை எடுத்து அவசர அவசரமாகப் படித்தார். "கட்டுக்குள்ள மருந்து வெச்சிருப்பாங்களாம். எடுத்ததும் கொஞ்ச நேரம் மங்கலா இருக்குமாம். போட்டிருக்கு இதுல. மங்கலா இருக்கும்னு போட்டிருக்கு. கண்ண மூடி மூடித் தொற."

மூடித் திறந்தேன். கண்ணீர் வழிந்து களிம்பு நகர்ந்தது. மறுபடி மூடித் திறந்தேன். எத்தனை தடவை என்று தெரியாது. முதலில் ஒரு கட்டை விரல் தெரிந்தது. நகத்தைச் சுற்றி, எத்தனை கழுவினாலும் போகாத கறுப்பு எண்ணெய்க் கோடு. பிறகு மணிக்கட்டு. பிறகு அவர் முகம். இமை வீங்கி இருந்ததால் பாதி முகம்தான் தெரிந்தது. அது கோபமாக இல்லை. அவரும் என்னைப் போலவே பயந்துபோயிருந்தார்.

அடுத்த நாட்களில் அவர் என்னிடம் பேசியதெல்லாம் மருந்து பற்றித்தான். சொட்டு மருந்து ஒரு நாளைக்கு நான்கு முறை, படுக்கும் முன் களிம்பு. நானே போட்டுக்கொள்ள முடியவில்லை. பார்க்கிற கண்ணுக்குள்ளேயே மருந்து போட வேண்டும். புட்டி நெருங்கும்போது நுனி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போய்விடும். அதனால் மதியம் பட்டறையிலிருந்து வீட்டுக்கு வந்து போட்டுவிட்டுப் போனார். "மேல பாரு." "மூடிக்கோ." "தலைக்கு ஊத்தாத இன்னைக்கு." "மை வெக்காத." இவ்வளவுதான் பேச்சு. ஒவ்வொரு முறை புட்டி கண் மேல் வரும்போதும், இப்போதாவது ஏதாவது கேட்பார் என்று காத்திருப்பேன். கேட்க மாட்டார். சொட்டு விழும். மூடியைத் திருகிவிட்டுப் போய்விடுவார்.

இமை கத்தரிக்காய் நிறத்துக்குக் கறுத்துவிட்டது. குழாயடியில் பக்கத்து வீட்டுப் பெண் என்னை ஓரமாக இழுத்து, "அடிச்சாராக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். ஆபரேஷன் என்றேன். "சரிக்கா, நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்றாள். அன்று சாயங்காலம் அவர் சந்துக்குள் வந்தபோது இரண்டு வீட்டு வாசலில் பேச்சு நின்றது. அவருக்கும் புரிந்திருக்கும்.

மூன்றாம் நாள் காலை கண்ணாடியைப் பார்த்தபோது வெள்ளை விழியில் பாதி ரத்தச் சிவப்பாக இருந்தது. பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவர் கையைப் பிடித்துக் கண்ணைக் காட்டினேன். சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் வண்டியை எடுத்தார். "பார்வை குறைஞ்சா, வலி அதிகமானா, சீழ் வந்தா, ரத்தம் நிக்கலன்னா உடனே வரணும்னு போட்டிருக்கு. சேப்பானா என்னா பண்றதுன்னு போடலயே" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தத் தாளை மனப்பாடம் செய்திருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது.

டாக்டர் பார்த்துவிட்டு, உள்ளே கசிந்த ரத்தம்தான், அடிபட்டால் தோல் கன்றிப்போவதுபோல, இரண்டு வாரத்தில் தானாகக் கரையும் என்றார். பார்வையைச் சோதித்தார். கடைசி வரிவரை படித்தேன்.

"மேடம், அந்தக் கண்ண சரி பண்ண முடியாதா?" என்று என் கணவர் கேட்டார்.

"இந்த வயசுல முடியாதுங்க. இருக்கற கண்ண பத்திரமா வெச்சுக்கணும். பவர் இல்லன்னாலும் உடையாத கண்ணாடி ஒண்ணு போட்டுக்கட்டும்." பிறகு என்னைப் பார்த்தார். "வீட்ல தெரியும்னு சொன்னீங்க இல்ல?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜோகுபாளையத்திலிருந்து அவருடைய அக்கா பார்க்க வந்தார். என் முகத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார். அடுப்படியில் தம்பி ரசம் தாளித்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் முகம் மாறியது.

"ஏம்மா, ஒரு கண்ணுல கட்டி. இன்னொரு கண்ணு நல்லாத்தான இருக்கு? ஒரு வாரமா இவன சமைக்க வெச்சுட்டு நீ உக்காந்திருக்க?"

டாக்டர் அனல் படக் கூடாது என்றார் என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அந்தப் பொய் நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அந்தக் கண்ணு எனக்குத் தெரியாது. சின்ன வயசுல இருந்தே" என்றேன்.

அண்ணி என்னை உற்றுப் பார்த்தார். கையை என் முகத்துக்கு இடது பக்கம் கொண்டுவந்து விரல்களை ஆட்டினார். நான் திரும்பவில்லை. கையை இறக்கிக்கொண்டார்.

"ஏமாத்திட்டீங்களே, அம்மாவும் பொண்ணும். நாலு பேர் முன்னாடி ஒரு கொறையும் இல்லன்னு சொன்னவடி நான். என் வாயாலயே சொல்ல வெச்சுட்டீங்களே."

இருபத்தாறு வருடமாக நான் பயந்த வார்த்தை வந்தேவிட்டது. அழக் கூடாது, அழுதால் கண்ணைத் துடைக்கத் தோன்றும், துடைக்கக் கூடாது என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது.

அவர் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அக்கா, சத்தம் போடாத. மருந்து போடற நேரம்."

"உனக்குத் தெரியுமாடா இது?"

"இப்பதான் தெரியும்."

போட்டு வைத்த காபியைக் குடிக்காமல் அண்ணி எழுந்து போனார். என் கணவர் கதவுவரை போய் வழியனுப்பிவிட்டு வந்து கை கழுவினார். புட்டியை எடுத்துக் குலுக்கினார்.

"அவ சொன்னதுல தப்பில்ல. எனக்கும் அதேதான் தோணுச்சு. ரெண்டு நாளா அதேதான் தோணுச்சு" என்றார்.

மூடியைத் திறந்தார்.

"ஆனா அந்தப் படியில நீ உக்காந்திருந்த பாரு" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. "மேல பாரு" என்றார்.

மகளிடம் நானே போன் செய்து சொன்னேன். அவள் கை உடைந்த கதையையும் சேர்த்துத்தான். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "அம்மா, சின்ன வயசுல பாத்திருந்தா சரி பண்ணியிருக்கலாம்னு சொன்னாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப என் பொண்ணு? இவளுக்கும் இருக்குமா?"

அந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. மூன்று வருடமாக அந்தக் குழந்தையைத் தூக்கி வைத்துக் கொஞ்சியிருக்கிறேன். அவளுக்கு மை வைத்துவிட்டிருக்கிறேன். ஒரு நாளும் தோன்றவில்லை.

என் இமைக் கறுப்பு ஆறுவதற்குள் குழந்தையை அதே டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவளுக்கு எழுத்து தெரியாது. ஒரு கண்ணை மூடிப் படங்களைக் காட்டினார்கள். இடது கண்ணை மூடியபோது வாத்து, வீடு, ஆப்பிள் என்று கத்தினாள். வலது கண்ணை மூடியதும் அட்டையைக் கையால் தள்ளிவிட்டு அழ ஆரம்பித்தாள். சேட்டை பண்ணாதே என்று மகள் அதட்டினாள். "அதட்டாத" என்றேன். என் குரல் எனக்கே வித்தியாசமாகக் கேட்டது.

சொட்டு மருந்து விட்டு மறுபடி சோதித்தார்கள். ஒரு கண்ணில் பவர் நிறைய இருக்கிறது, கண்ணாடி போட வேண்டும், இப்போதே வந்தது நல்லதாயிற்று என்றார் டாக்டர். கண்ணாடி மட்டும் போதுமா, மற்றக் கண் பார்த்துப் பழகுவதற்காக நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைக்க வேண்டியிருக்குமா என்பது சில மாதம் கழித்துத்தான் தெரியுமாம்.

என் கண் ஆறிவிட்டது. காலையில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன், உடையாத கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். வேலையில் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை. சொல்லும் தைரியம் வரவில்லை. அண்ணி இரண்டு மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை. பேத்திக்குக் கண்ணாடி என்று கேள்விப்பட்டு அவளைப் பார்க்க மட்டும் வந்தார். என்னிடம் ஓரிரு வார்த்தைதான் பேசினார்.

தினமும் வேலை விட்டு வந்ததும் மகளுக்குப் போன் செய்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டாளா என்று கேட்பேன். ஒரு மணி நேரம் போட்டாள், கழற்றி எறிந்துவிட்டாள், மறுபடி போட்டோம் என்பாள். போனை வைக்கும்வரை அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "என்னா சொல்றா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.